வெயிலை மறைக்கும் புகை

வட இந்தியாவில் குளிர்காலம் வந்தால் பகலிலும் வானம் மங்கிவிடும். பஞ்சாப் முதல் பீகார் வரை இதே நிலைதான். டில்லியில் சில நாட்களில் நடுப்பகலிலும் சூரியன் வெளிறித் தெரியும். மூடுபனியோடு புகையும் கலப்பதுதான் காரணம்.

புகை எங்கிருந்து வருகிறது?

நெல் அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தாள்களை எரிக்கிறார்கள். வீடுகளில் விறகும் வறட்டியும் எரிகின்றன. லாரிகள், செங்கல் சூளைகள், நிலக்கரி மின் நிலையங்கள் புகை விடுகின்றன. குளிர்காலத்தில் காற்று வேகமாக வீசுவதில்லை. அதனால் புகை கலையாமல் தாழ்வாகவே நிற்கிறது.

வெயில் எப்படிக் குறைகிறது?

புகையில் மிக நுண்ணிய தூசுகள் உள்ளன. சில தூசுகள் வெயிலை வானத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. கரித்தூள் வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே தரைக்கு வரும் வெயில் குறைகிறது.

1999ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கப்பல்களிலும் விமானங்களிலும் சென்று இந்தியப் பெருங்கடல் பகுதியை ஆராய்ந்தார்கள். சென்னையில் பிறந்த விஞ்ஞானி வீ. ராமநாதன் அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். நிலத்திலிருந்து சென்ற புகை கடலின் மேலும் பரவியிருப்பதை அவர்கள் கண்டார்கள்.

பிறகு ஏன் பூமி சூடாகிறது?

நிலக்கரியும் டீசலும் எரியும்போது கரியமில வாயுவும் வருகிறது. அது பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது.

ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பந்தலின் கீழ் உட்கார்ந்திருக்கிறார். பந்தல் வெயிலைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் கம்பளியின் புழுக்கம் போகுமா? புகை அந்தப் பந்தல். கரியமில வாயு அந்தக் கம்பளி.

2021ஆம் ஆண்டு ஐ.நா. விஞ்ஞானிகள் குழு ஒரு கணக்குச் சொன்னது. கம்பளி போன்ற வாயுக்கள் பூமியைச் சுமார் 1.5 டிகிரி சூடாக்கியுள்ளன. அதில் சுமார் 0.4 டிகிரியைத் தூசுகள் மறைத்துவிட்டன. மீதி 1.1 டிகிரிதான் அப்போது நமக்குத் தெரிந்தது.

அப்படியானால் புகை நல்லதா?

இல்லை. புகை நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கிறது. பயிருக்கு வேண்டிய வெயிலைக் குறைக்கிறது. கடல்நீர் ஆவியாவது குறைவதால் பருவமழையும் பலவீனமாகிறது. இமயமலைப் பனியில் கரித்தூள் படிந்தால் பனி வேகமாக உருகுகிறது.

இந்தப் பந்தலை நம்பவும் முடியாது. ஒரு நல்ல மழை பெய்தால் தூசு கரைந்துவிடும். கரியமில வாயுவோ பல நூறு ஆண்டுகள் வானில் தங்கும். புகையை மட்டும் நிறுத்தினால், மறைந்திருந்த சூடு வெளியே வரும். எனவே இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

புகையும் கரியமில வாயுவும் பெரும்பாலும் ஒரே நெருப்பிலிருந்து வருகின்றன. நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்தால் இரண்டும் குறையும். சாண எரிவாயு அடுப்பு வந்தால் சமையலறையில் புகை இருக்காது. அடித்தாளை எரிக்காமலே கோதுமை விதைக்கும் இயந்திரம் பஞ்சாபில் இருக்கிறது. அது கிடைத்தால் வயலில் நெருப்பு வைக்க வேண்டியதில்லை.

புகை தரும் நிழல் நமக்கு வேண்டாம். கம்பளியைக் குறைப்பதே வழி.