நம்பிக்கை மையத்துக்கு வழி

வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலருக்கு வயது 18, 19தான். பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்த கையோடு டிரெய்னியாக வந்து ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகள். எய்ட்ஸ் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் பல வகுப்பறைகளில் அந்தப் பக்கம் வேகமாகப் புரண்டுவிடுகிறது. விட்டுப்போனதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தார்கள். தொற்று இருந்தவர்களில் ஒருத்திக்கு வயது 13. இது பெரியவர்கள் சமாச்சாரம், பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்கிறவர்களுக்கு நான் நினைவூட்டுவது அந்தச் சிறுமியைத்தான்.

எச்.ஐ.வி. பரவும் வழிகள் சில மட்டுமே: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஹாஸ்டல் கழிப்பறையாலோ, கொசுக்கடியாலோ வராது.

மற்ற பால்வினை நோய்களைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். சிபிலிஸ் புண் வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று நினைப்போம், அது உள்ளே இருக்கும். கிளமிடியா பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். இரண்டையும் ஆன்டிபயாடிக் மருந்தால் குணப்படுத்தலாம். சிறுநீர் எரிச்சல், பிறப்புறுப்பில் புண், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கூச்சத்தோடு மாத்திரை கேட்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுத்தால்தான் நோய் திரும்பி வராது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையிலேயே நம்பிக்கை மையம் உண்டு. காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனையிலும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இருக்கிறது. இலவசம். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார். 18 வயதுக்குள் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

தொற்று இருப்பவர்களுக்கு 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே சிக்காத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

"தெரிந்தால் வேலை போய்விடுமே" என்ற பயம்தான் இங்கே பலரையும் தடுக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யவும் கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆணுறை கிழிந்துவிட்டாலோ, யாராவது பலவந்தம் செய்துவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது.