சொடுக்கு பந்தும் 16 மார்க் கேள்வியும்!

கடைசி ஓவர். எதிர் டீமுக்கு 9 ரன் வேணும். பந்து என் கையில!

இடம் லார்ட்ஸ் இல்லீங்க... சீர்காழிக்குப் பக்கத்துல உளுந்து எடுத்து முடிச்ச ஒரு வயல். பங்குனியில உளுந்து வீட்டுக்கு வந்துட்டா, மறுபடி வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் அந்த வயல் எங்களுக்குத்தான் சொந்தம். வரப்புதான் பவுண்டரி. பந்து, மஞ்சள் கலர் டென்னிஸ் பால்.

விரல் வலிக்கிற அளவுக்கு முறுக்கி முதல் பந்தை விட்டேன். பேட்ஸ்மேன் ரெண்டு ஸ்டெப் இறங்கி வந்தான். பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே ஒரு சாத்து. பந்து பக்கத்து வயலைத் தாண்டி வாய்க்கால்ல! அடுத்த ரெண்டே பந்துல மேட்ச் முடிஞ்சுபோச்சு. கோப்பையும் போச்சு, மூணு வாரமா பேசின பேச்சும் போச்சு.

எல்லாரும் என்னை முறைச்சிட்டுக் கிளம்ப, எங்க டீமோட சீனியர் பவுலர் அண்ணன் மட்டும் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். பத்தாவதோட படிப்பை விட்டவர். இப்போ நெல் அறுக்குற மெஷின் ஓட்டுறார்.

‘‘தம்பி, நீ நல்லாத்தான் சுத்துற. ஆனா எந்தப் பக்கம் சுத்தணும்னு பார்க்கலை!’’

சைக்கிள் வீல்... பம்பரம்... ட்ரில் பிட்!

மறுநாள் அண்ணன் ஒரு பந்தை எடுத்து, மார்க்கரால பாதியைக் கறுப்பாக்கிட்டு வந்தார். இப்போ பந்து எப்படிச் சுத்துதுன்னு கண்ணுக்கே தெரியுது. அவர் காட்டினது மூணு வகை.

ஒண்ணு, சைக்கிள் வீல் மாதிரி முன்பக்கமா உருளுற டாப் ஸ்பின். காத்துல வந்துக்கிட்டே இருக்கிற பந்து திடீர்னு கீழே இறங்கும். கைக்கு வரும்னு பேட்டை வீசினா, ஒரு அடி முன்னாடியே குத்தி எகிறும். இதையே பின்பக்கமா சுத்திவிட்டா பேக் ஸ்பின். பந்து மிதந்து வந்து, குத்தினதும் தாழ்வா வழுக்கிட்டுப் போகும்.

ரெண்டு, பம்பரம் மாதிரி சுத்துறது. காத்துலயே பக்கவாட்டுல வளையும். ஆனா குத்தின பிறகு பெருசா திரும்பாது.

மூணு, ட்ரில் பிட் மாதிரி பேட்ஸ்மேனைப் பார்த்துத் துளைச்சுக்கிட்டே வர்றது. குத்தின பிறகு பயங்கரமா திரும்பும். ஆனா காத்துல வளையவே வளையாது. நான் போட்டது இதைத்தான்! குத்துறதுக்கு முன்னாடியே அடிக்கிறவனுக்கு அது நேரா வந்த சாதாரணப் பந்து. நான் எவ்வளவு முறுக்கியிருந்தாலும் அது வேஸ்ட்தான்.

நல்ல ஸ்பின்னர் போடுற பந்துல இந்த மூணும் கலந்து இருக்கும். எது எவ்வளவுங்கிறதுதான் வித்தை.

நான் விட்ட 16 மார்க்

இதையெல்லாம் கேட்டப்போ எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குச்சு. போன செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல, ‘சுழலும் உருளை மீது காற்று மோதும்போது உண்டாகும் விசையை விளக்குக’ன்னு 16 மார்க் கேள்வி. எழுதாம விட்டேன். ஏழு மார்க்ல அரியர்!

விஷயம் இதுதான். பந்து தன்னைச் சுத்தி இருக்கிற காத்தையும் ஒட்டி இழுத்துக்கிட்டே சுத்துது. டாப் ஸ்பின்ல பந்தோட மேல்பக்கம் எதிர்க்காத்தோட மோதுது. அதனால காத்து அங்கே சீக்கிரமே பிச்சுக்கிட்டுப் போயிடும். கீழ்ப்பக்கம் காத்து போற திசையிலேயே சுத்துறதால, அங்கே காத்து கொஞ்ச தூரம் ஒட்டிக்கிட்டு வந்து, மேல்நோக்கித் திரும்பி வெளியேறும். பந்து காத்தை மேலே தள்ளினா, காத்து பந்தைக் கீழே தள்ளும். நியூட்டனோட மூணாவது விதி! அந்த நியூட்டனே 1672-ல எழுதின ஒரு கடிதத்துல, டென்னிஸ் பந்து வளைஞ்சு போறதைப் பத்திச் சொல்லியிருக்கார். 1850-கள்ல ஜெர்மனியைச் சேர்ந்த மேக்னஸ் சோதனை செஞ்சு காட்டினதால, இதுக்கு ‘மேக்னஸ் எஃபெக்ட்’னு பேர்.

சரி, டென்னிஸ் பால் மட்டும் ஏன் இப்படி ஆட்டம் காட்டுது? எடை! கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். டென்னிஸ் பால் 58 கிராம்தான். ஆனா சைஸ்ல பெரிய வித்தியாசம் இல்லை. அதே வேகம், அதே சுழற்சின்னா காத்து தள்ளுற விசையும் ஏறக்குறைய அதேதான். எடை குறைவா இருக்கிறதால டென்னிஸ் பால் ரெண்டு மடங்குக்கும் மேல வளையும்.

அண்ணன் சொன்ன இன்னொரு பாயின்ட், கடல்காத்து. மத்தியானத்துக்கு மேல எங்க ஊர்ல கிழக்கே இருந்து வீசும். நான் அதை முதுகுல வாங்கிக்கிட்டுப் போட்டேன். ‘‘காத்தைப் பார்த்துப் போடணும் தம்பி!’’ என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து 70 கி.மீ. வேகத்துல போகுது, காத்து 15 கி.மீ. வேகத்துல எதிர்ல வருதுன்னா, பந்துக்கு அது 85 கி.மீ. காத்து. வளைக்கிற விசை ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கூடும்!

தெருவுல பிறந்த பந்து

இப்படித் தெருவுல இருந்த வித்தை ஒண்ணு உலகத்தையே சுத்தி வந்திருக்கு. கட்டைவிரலுக்கும் மடக்கின நடுவிரலுக்கும் நடுவுல பந்தை வெச்சு, கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி சுண்டிவிடுறது. சென்னை டென்னிஸ் பால் கிரிக்கெட்ல அதுக்குப் பேர் ‘சொடுக்கு பந்து’. அங்கே ஆடின ஒருத்தர் போட்டதைப் பார்த்துத்தான் ரவிச்சந்திரன் அஸ்வின் அதைக் கத்துக்கிட்டார். உலகம் அதை ‘கேரம் பால்’னு சொல்லுது. 2008-ல இலங்கையோட அஜந்தா மெண்டிஸ், ஆசியக் கோப்பை ஃபைனல்ல நம்ம பேட்ஸ்மேன்களை 13 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்துக் கலங்கடிச்சதும் இந்த ஆயுதத்தோடதான்.

2014 டி20 உலகக் கோப்பை செமி ஃபைனல்ல அஸ்வின், தென்னாப்பிரிக்காவோட ஆம்லாவுக்குப் போட்ட கேரம் பாலை யூடியூப்ல பாருங்க. லெக் ஸ்டம்ப் பக்கம் குத்தி, ஆஃப் ஸ்டம்ப்பைத் தட்டும்! 106 டெஸ்ட், 537 விக்கெட்னு 2024 டிசம்பர்ல இன்டர்நேஷனல் கிரிக்கெட்டுக்கு அவர் குட்பை சொன்னார். ஆனா அவருக்கு அந்த வித்தை கிடைச்சது லெதர் பந்துல இல்லை, தெருவுல ஆடின டென்னிஸ் பந்துலதான். இத்தனைக்கும் அஸ்வின் நம்ம ஜாதி... ஐ மீன், பி.டெக்! கும்ப்ளே மெக்கானிக்கல், வெங்கட்ராகவன் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ். ஸ்பின்னுக்கும் இன்ஜினீயரிங்குக்கும் ஏதோ ஒரு கனெக்‌ஷன் இருக்கு பாஸ்!

பொண்ணுங்க ஏரியா

எங்க கிளாஸ் தோழி ஒருத்தி சாஃப்ட்பால் பிட்ச்சர். ‘‘இதெல்லாம் எங்களுக்குப் பழசு!’’னு சிரிச்சா. 43 அடி தூரத்துல இருந்து, கையை முழு வட்டமா சுத்தி, கீழேருந்து எறியணும். 100 கி.மீ. வேகத்துல வந்தா அரை செகண்டுக்குள்ள பேட்டுக்கிட்ட வந்துடும். டாப் ஸ்பின் கொடுத்தா ‘டிராப் பால்’, பேக் ஸ்பின் கொடுத்தா ‘ரைஸ் பால்’.

ஆனா பேக் ஸ்பின்னால மட்டும் ரைஸ் பால் மேலே எழும்பிடாது! 190 கிராம் பந்தைத் தூக்குற அளவுக்குக் காத்துக்குத் தெம்பு பத்தாது. கீழேருந்து மேல்நோக்கி எறிஞ்ச பந்து, பேட்டர் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இறங்காம வருது. அவ்வளவுதான், பேட்டர் காலி! அவளும் ட்ரில் பிட் சுழற்சியில எறிஞ்சு, பந்து நேராப் போய் அடி வாங்கியிருக்காளாம். அப்பாடா, நான் மட்டும் இல்லை!

புக்ல இருந்த பந்து

போன வாரம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்கை வயலுக்கே எடுத்துட்டுப் போய், சுழலும் உருளை படத்தை அண்ணன்கிட்ட காட்டினேன். காத்து இடது பக்கத்துல இருந்து வர்ற மாதிரி அம்புக்குறி, சுழற்சிக்கு ஒரு அம்புக்குறி. இங்கிலீஷ்ல எழுதியிருந்த எதையும் அவர் படிக்கலை. விரலால அம்புக்குறியைத் தடவிப் பார்த்தார்.

‘‘இது பேக் ஸ்பின்னுதானே... மேலே தூக்குமே!’’

பக்கத்தைத் திருப்பினேன். லிஃப்ட், மேல்நோக்கி!

‘‘இதுக்கெல்லாமா புக்கு போட்டிருக்காங்க?’’ன்னு கேட்டுட்டு, புக்கைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் கிழக்கே பார்த்து நின்னு சொடுக்கு பந்து போட ஆரம்பிச்சுட்டார்.

அரியர் எக்ஸாம் இந்த மாசக் கடைசியில. அந்தக் கேள்வி மறுபடி வரணும்னு சட்டநாதரை வேண்டிக்கிட்டு இருக்கேன். நீங்களும் பாதி கறுப்பு அடிச்ச டென்னிஸ் பந்தோட கிளம்புங்க. வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா, எங்க கிரவுண்டுல நாத்து நட்டுடுவாங்க!