மூப்பரும் மன்றமும்: பிரெஸ்பிட்டேரியன் ஆளுகையும் நமது திருச்சபையும்

மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும் பிரெஸ்பிட்டேரியன் என்னும் பெயர் தாங்கிய ஆலயங்களைக் காண்பது அரிது. ஆயினும் அம்முறையின் சாயல் தென்னிந்தியத் திருச்சபையின் சேகரக் கமிட்டி முதல் சினாடு வரை படிந்துள்ளது. அதில் எதனைக் காத்துக்கொண்டோம், எதனை நெகிழவிட்டோம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

'பிரெஸ்பிட்டெரோஸ்' என்னும் கிரேக்கச் சொல் மூப்பரைக் குறிக்கும். பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர் பலரை ஏற்படுத்தினர் (அப். 14:23). விருத்தசேதனத்தைக் குறித்து வழக்கு எழுந்தபோது, அந்தியோகியா சபை தனித்து முடிவு செய்யவில்லை, எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி ஆராய்ந்தனர் (அப். 15). சபைக்குள் மூப்பர், சபைகளை இணைக்க மன்றம் என்னும் இவ்விரண்டுமே பிரெஸ்பிட்டேரியன் ஆளுகையின் தூண்களாகும். 1541-ல் ஜெனீவா நகருக்குக் கால்வின் வகுத்த ஒழுங்குகள் போதகர், போதனாசிரியர், மூப்பர், உதவிக்காரர் என்னும் நால்வகை ஊழியங்களை நிலைநாட்டின. பின்னர் ஸ்காட்லாந்து திருச்சபையில் இம்முறை முழுவடிவம் பெற்றது.

அதன் நடைமுறை எளியது. போதகரும் சபையின் மூப்பரும் 'செஷன்' என்னும் சங்கமாகக் கூடி, சபையாரின் ஆத்தும நலனையும் ஒழுக்கத்தையும் கவனிக்கின்றனர். இதற்கு மேல் உள்ளது பிரெஸ்பிட்டரி. ஒரு வட்டாரத்துப் போதகரும் சபைகளின் மூப்பரும் அதில் அமர்கின்றனர். போதகரை அபிஷேகம் செய்வதும் சபைகளைக் கண்காணிப்பதும் அதன் கடமை. அனைத்துக்கும் மேலாகப் பொதுப்பேரவை விளங்குகிறது. தலைமை வகிக்கும் 'மாடரேட்டர்' ஆண்டகையல்லர், சமமானோருள் ஒருவரே. கீழ்மன்றத் தீர்ப்பினால் குறையுற்றவர் மேல்மன்றத்தில் முறையிடலாம். ஆகவே இம்முறையில் கண்காணிப்பு ஒழிவதில்லை. ஒருவர் கையிலிருந்து மன்றத்தின் கைக்கு மாறுகிறது. மிசோரம், மேகாலயா மாநிலங்களில் இந்தியப் பிரெஸ்பிட்டேரியன் சபை இன்றும் மூப்பராலும் மன்றங்களாலும் ஆளப்படுகிறது.

நம் மதுரையில் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் மரபு, பெரும்பாலும் ஒவ்வொரு சபையின் தன்னுரிமையையும் வலியுறுத்தும் காங்கிரிகேஷனல் மரபாகும். சென்னை ஸ்காட்லாந்து மிஷனும் ஆற்காடு மிஷனும் பிரெஸ்பிட்டேரியன் ஒழுங்கைக் கொண்டிருந்தன. 1908-ல் உருவான தென்னிந்திய ஐக்கிய திருச்சபையில் இவ்விரு மரபுகளும் இணைந்தன. அத்திருச்சபையோடு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் கூடி, 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்று மதுரை–இராமநாதபுரம் பகுதிக்குப் பேராயராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகின், 1936-ல் எடின்பரோ பிரெஸ்பிட்டரியால் அபிஷேகம் பெற்ற ஸ்காட்லாந்து போதகரே. பேராயர் இன்றி மன்றத்தால் ஆளப்பட்ட மரபில் வளர்ந்தவர் இங்கே பேராயரானார் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்விணைப்பில் பேராயர் ஊழியம் ஏற்கப்பட்டது. ஆனால் பேராயர் தனித்து ஆளாதபடி குருமாரும் சபையாரும் சேர்ந்தமரும் மன்றங்கள் நிறுவப்பட்டன. சினாடின் தலைவருக்கு மாடரேட்டர் என்னும் பெயரே நிலைத்தது. இவை நாம் காத்துக்கொண்டவை.

நெகிழவிட்டது மூப்பரை. 'பிரெஸ்பிட்டர்' என்னும் பெயர் அபிஷேகம் பெற்ற குருவுக்கே உரியதாயிற்று. மூப்பர் இருந்த இடத்தில் கமிட்டி உறுப்பினர் அமர்ந்தார். வரவுசெலவு, கட்டடம், தேர்தல் ஆகியவற்றைப் பேசியே பல கூட்டங்கள் முடிகின்றன. நோயுற்றோரைச் சந்திப்பதும் பிணங்கியோரை ஒப்புரவாக்குவதும் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவதில்லை. திருச்சபை வழக்குகள் உரிமையியல் நீதிமன்றங்களை நாடுவதையும் துக்கத்தோடு காண்கிறோம். மன்றங்களின் மீது நம்பிக்கை குன்றும்போது, விசுவாசிகள் வேறெங்கு முறையிடுவர்?

இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சில குடும்பங்களை ஒப்படைத்து, மாதந்தோறும் அவர்களுடைய நலனைக் கமிட்டியில் விசாரிக்கும் வழக்கத்தை எந்தக் குருவும் தொடங்கலாம். பேதுரு தம்மையும் மூப்பருள் ஒருவராக எண்ணியே, மந்தையை இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று அறிவுறுத்தினார் (1 பேதுரு 5:1-3). அம்மனம் நம்மில் இருக்குமாயின், மூப்பர் என்னும் பெயர் திரும்பாவிடினும் மூப்பரின் பணி நம் சபைகளுக்குத் திரும்பும்.