கூண்டுப் பறவைக்கு ஏற்ற கொம்பு

கடையில் விற்கப்படும் கூண்டுகளில் பெரும்பாலும் இரண்டு வழவழப்பான கழிகள் குறுக்கே செருகப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே பருமன், ஒரே உயரம். கூண்டு வாங்குவோர் கம்பியைத் தட்டிப் பார்க்கின்றனர். கதவைத் திறந்து மூடிப் பார்க்கின்றனர். கழியைக் கவனிப்போர் அரியர். ஆயினும் கூண்டுப் பறவை பகலின் பெரும் பகுதியையும் இரவு முழுவதையும் அந்தக் கழியின்மீதே கழிக்கிறது. வெளியில் திரியும் பறவை ஒரு நாளில் எத்தனையோ கிளைகளில் அமர்கிறது. ஒவ்வொன்றின் பருமனும் சாய்வும் வேறு. கூண்டில் இருப்பதற்கு அந்த மாறுதல் இல்லை.

நம் நாட்டில் பலராலும் வளர்க்கப்படும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளியை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்பர். அப்பெயருக்கு உரியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு கிளிகளாம். பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியா. பறவை நூலறிஞர் ஜான் கூல்ட் 1840-ஆம் ஆண்டில் இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், பள்ளியில் பறவை வளர்க்க விரும்பும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை மாணவருக்கு முதலிலேயே விளக்குதல் நன்று.

கிளியினத்தின் பாதத்தில் இரு விரல்கள் முன்னோக்கியும் இரு விரல்கள் பின்னோக்கியும் அமைந்துள்ளன. குருவி, பிஞ்சு முதலியவற்றிற்கு முன்னே மூன்று, பின்னே ஒன்று. பெரும்பாலான பறவைகளில் விரலை மடக்கும் தசைநாணின் அடியில் நுண்ணிய முண்டுகளும், அதனைச் சூழ்ந்த உறையின் உட்புறத்தில் வரிகளும் காணப்படுகின்றன. பறவை கொம்பைப் பற்றும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்வதால், தசைக்கு அதிக உழைப்பின்றிப் பிடி நிலைக்கிறது. விரல்கள் கொம்பைச் சரியாகச் சுற்றினால்தான் பிடி உறுதியாகும்.

எனவே பருமன் முக்கியம். விரல்கள் கொம்பின் சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தழுவ வேண்டும். மிக மெல்லிய கழியாயின் நகங்கள் சுற்றி வந்து பாதத்திலேயே குத்தும். மிகப் பருத்ததாயின் பிடி வழுக்கும். பட்ஜரிகருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை இடத்திற்கிடம் வேறுபடும் கிளையே சிறந்தது. சீராகக் கடைந்த கழியில் பறவையின் எடை எந்நேரமும் பாதத்தின் ஒரே புள்ளியில் அழுந்துகிறது. நாளடைவில் அவ்விடத்துச் சிறு செதில் மேடுகள் தேய்ந்து, தோல் பளபளத்துச் சிவக்கிறது. பின்னர் வீங்கிப் புண்ணாகிறது. ஸ்டாபிலோகாக்கஸ் முதலான நுண்ணுயிர்கள் அப்புண்ணில் புகுந்தால், நோய் தசைநாணையும் எலும்பையும் எட்டிப் பாதமே பயனற்றுப்போகலாம், உயிரிழப்பும் நேர்வதுண்டு. விதைத் தானியத்தை மட்டும் தின்று ‘ஏ’ வைட்டமின் குறைந்த பறவைகளுக்கும், பருத்துச் சோம்பியவற்றிற்கும் இத்தீங்கு விரைவில் வரும். பறவை தன் நோயை எளிதில் காட்டாது. அடிக்கடி கால் மாற்றி நிற்பதும், கொம்பின்மேல் வயிற்றைச் சாய்த்துப் படுப்பதும் ஆகிய குறிகளைக் கண்டவுடன் பாதத்தின் அடிப்புறத்தைச் சோதித்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நகம் தேயும் என்று சொல்லி, மணற்காகிதம் சுற்றிய கழிகளைச் சிலர் விற்கின்றனர். நகத்தின் நுனி காகிதத்தில் படுவது அரிது, உராய்வது உள்ளங்கால்தான். இதனை அறவே விலக்குக.

கொய்யாக் கிளை எங்கும் எளிதில் கிடைப்பது, உறுதியானது, கிளிகள் அதன் பட்டையை விரும்பிக் கொறிக்கும். வேப்பங்கிளையும் ஏற்றது. அரளி, எருக்கு, கள்ளி ஆகியவை நச்சுடையனவாதலால் கூண்டருகே வரலாகாது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் கிளையும் சாலையோரப் புகை படிந்த கிளையும் வேண்டா. வெட்டிய கிளையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்கு காயவைத்துப் பொருத்துக. வண்ணமோ மெருகெண்ணெயோ பூச வேண்டுவதில்லை. ஈயம் கலந்த பூச்சைக் கொறித்தால் பறவை இறந்துபடும்.

இனிப் பொருத்தும் இடம். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே கொம்பு இருந்தால் எச்சம் அவற்றில் விழும். ஒன்றின் நேர்கீழே மற்றொன்றும் ஆகாது. வால் கம்பியில் உராயாதவாறு இடைவெளி விட்டு, இரு கொம்புகளைக் கூண்டின் இரு கோடியில் வைத்தால், நடுவில் பறந்து செல்ல இடம் கிடைக்கும். உறங்குவதற்குப் பறவை பொதுவாக உயர்ந்த கொம்பையே நாடுமாதலால் மிகச் சிறந்த கிளையை அங்கே வைத்தல் பொருந்தும். எச்சம் படிந்த கொம்பை உடனுக்குடன் சுரண்டிக் கழுவுக; கொறித்துச் சிதைந்ததை மாற்றுக.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. புதிய கிளையைக் கண்டு பறவை சில நாள் அஞ்சி ஒதுங்குவது இயல்பு. பழைய கழியை உடனே அகற்றிவிட்டால் அது இரவில் கம்பியைப் பற்றித் தொங்கும். இரண்டையும் அருகருகே விட்டுவைத்து, புதியதில் அது உறங்கக் கண்ட பின்னரே பழையதை எடுத்தல் வேண்டும்.