வதந்தியும் ஒரு பாடம்தான்

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே போதும், காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் செல்போன்கள் ஓயாது. வானிலை மையத்தின் அறிவிப்போடு, 'கடல் ஊருக்குள்ள வருதாம், எல்லாருக்கும் அனுப்புங்க' என்ற ரகத் தகவல்களும் சுற்றும். பயமுறுத்தும் தகவலை மக்கள் ஏன் இப்படி விழுந்து விழுந்து பரப்புகிறார்கள்? உளவியல் வகுப்பைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

பூகம்பம் தந்த கோட்பாடு

1934 ஜனவரி 15 அன்று பிகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. அதன்பின் உலவிய வதந்திகளைத் திரட்டி ஆராய்ந்த ஜமுனா பிரசாத், 1935-இல் கட்டுரை வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதமில்லாமல் தப்பிய ஊர்களில்தான் 'இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது' என்ற பேச்சு பலமாக இருந்தது.

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் கண்ணில் இது பட்டது. மனதில் பயம் இருக்கிறது, கண்ணெதிரே காரணம் இல்லை. அந்தப் பயத்துக்கு நியாயம் தேடவே வதந்தி பிறக்கிறது என்று அவர் கணித்தார். டார்ஜிலிங் நிலச்சரிவு பற்றி உளவியலாளர் துர்கானந்த் சின்ஹா 1952-இல் எழுதியதும் இதற்குப் பொருந்தியது: அழிவை நேரில் கண்டவர்களிடையே அப்படிப்பட்ட மிகை வதந்திகள் எழவில்லை. ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணங்கள் தரும் சங்கடத்தைப் போக்க மனம் நியாயம் தேடும் என்று 1957-இல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட 'அறிதல் முரண்பாடு' கோட்பாட்டுக்கு இதுவே ஒரு தூண்டுகோல். என்சிஇஆர்டி 12-ஆம் வகுப்பு உளவியல் புத்தகம் அக்கோட்பாட்டை, புற்றுநோய் வரும் என்று தெரிந்தும் பான் மசாலா மெல்பவரை வைத்து விளக்குகிறது. அதன் வேரில் பிகார்ச் செய்தி ஒன்று இருப்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

2004 டிசம்பர் 30

சுனாமி தாக்கிய நான்காம் நாள், மீண்டும் ஓர் அலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பிய எச்சரிக்கை அது. தமிழகக் கரையெங்கும் மக்கள் அலறியடித்து ஓடினார்கள், அலை வரவில்லை.

உளவியலாளர்கள் ஆல்போர்ட், போஸ்ட்மேன் இருவரும் 1947-இல் சொன்ன சூத்திரம் இங்கே உதவும். வதந்தியின் வேகம் = விஷயத்தின் முக்கியத்துவம் × தகவலின் தெளிவின்மை. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். உயிர்ப் பிரச்சினையின் முக்கியத்துவத்தைக் குறைக்க முடியாது, தெளிவின்மையைக் குறைக்கலாம். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் தொடங்கிய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செய்வது அதைத்தான்.

வகுப்பில் எப்படி?

காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அதில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு உளவியல் விருப்பப் பாடமாக உண்டு. புயல் நாள்களில் வந்த வாட்ஸ்அப் தகவல்களை மாணவர்கள் நேரத்தோடு குறித்து, வானிலை மைய அறிவிப்புடன் ஒப்பிடட்டும். எது ஆல்போர்ட் சூத்திரத்துக்குப் பொருந்துகிறது, எது ஃபெஸ்டிங்கர் விளக்கத்துக்குப் பொருந்துகிறது என்று வாதிடட்டும்.

ஆய்வுச் செய்தியையும் இதே கறாரோடு படிக்க வேண்டும். சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டு மீனவ கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் 12.7 சதவீதம் பேரிடம் தெரிந்தது. பெண்கள், காயமடைந்தவர்கள், வருமானம் இழந்த குடும்பத்தினர் ஆகியோரிடம் அது அதிகம். 'கடலோர மக்களுக்கு மனநோய்' என்று இதற்குத் தலைப்புப் போட்டால் தவறு. யாரை, எப்போது, எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று கேட்கப் பழகுவதே பாதிப் பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் 2004-இல் பிறந்திருக்கவில்லை, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பலர் அன்று உறவுகளைப் பறிகொடுத்தவர்கள். சொல்ல விரும்புகிறவரிடம் மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக யாருடைய துக்கத்தையும் கிளற வேண்டாம்.