கல்லாவில் கேட்கிற வாய், மருத்துவமனையில் ஏன் மூடிக்கொள்கிறது?

நம் கடைக்கு வருகிற வாடிக்கையாளரைச் சற்றுக் கவனியுங்கள். துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். "பழைய சரக்கா, புதுசா?" என்று கேட்கிறார். பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் படிக்கிறார். எடை இயந்திரத்தில் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார். பில்லில் ஐந்து ரூபாய் கூடிவிட்டால் நம்மை இலேசில் விடுவதில்லை. அது அவருடைய உரிமை. நாமும் பதில் சொல்லிப் பழகிவிட்டோம்.

அதே மனிதர் மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுதிய மாத்திரை எதற்கு என்று கேட்பதில்லை. சொன்ன ஸ்கேன் அவசியமா என்று கேட்பதில்லை. "சரிங்க சார்" என்ற இரண்டு சொல்லோடு எழுந்து வந்துவிடுகிறார். அவரை ஏன் சொல்ல வேண்டும்? கோயம்பேட்டில் விடியற்காலையில் மூட்டைக்குப் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிற நம்மில் பலரும், சொந்த உடம்பு விஷயத்தில் வாயே திறப்பதில்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக் கொள்வாரோ, நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்துக்குச் சில நேரங்களில் உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டி வருகிறது.

மூட்டை தூக்கும் தம்பி

ஒரகடம் பக்கத்துக் கடை ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை பார்த்த ஒடிசாக்காரத் தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். வலது பக்க அடிவயிற்றில் வலி என்று மருந்தகத்துக்குப் போனான். தமிழ் அரைகுறை. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றான். உள்ளே இருந்தது ஒரு நிமிடம். "இவங்களுக்கு இதே வேலை, லீவு சீட்டுக்கு வர்றாங்க" என்று பக்கத்தில் இருந்த ஊழியர் ஒருவர் சொல்ல, வயிற்று வலி மாத்திரையோடு திரும்பி வந்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தன. இந்தி தெரிந்த பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கூடப் போனார். வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எத்தனை நாளாக, என்னென்ன சாப்பிட முடியவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். "இது குடல்வால் வீக்கமாக இருக்குமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டார். அன்றே ஸ்கேன், அன்று இரவே அறுவை சிகிச்சை. தம்பி பிழைத்துக் கொண்டான். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நோயில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் தடவை அவனுக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சோனிபட்டிலிருந்து வந்த நீதி

"இ.எஸ்.ஐ. என்றால் இலவசம்தானே, அங்கே போய் என்ன கேட்பது?" என்று தொழிலாளரும் நினைக்கிறார்கள், சில முதலாளிகளும் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் தவறு என்று உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அரியானா மாநிலம் சோனிபட்டில் கிஷோர் லால் என்ற இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர், 1993-ஆம் ஆண்டு தன் மனைவியை அங்குள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சர்க்கரை நோய்க்குச் சேர்த்தார். உடல்நிலை தேறவில்லை, மோசமாகிக்கொண்டே போனது. வெளியே தனியார் மருத்துவமனையில் பரிசோதனை செய்தபோது, நோயைத் தவறாகக் கணித்ததுதான் காரணம் என்று அவருக்குத் தெரிய வந்தது. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று படிகளிலும் ஒரே பதில்: இது இலவச சிகிச்சை, நீங்கள் நுகர்வோர் அல்ல. அவர் விடவில்லை. 2007 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொழிலாளியும் முதலாளியும் கட்டுகிற சந்தாவில் நடக்கும் சேவை இலவசச் சேவை ஆகாது, இ.எஸ்.ஐ. நோயாளியும் நுகர்வோரே என்பது தீர்ப்பின் சாரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்கே விளங்கும். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம். பத்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு அவர் 75 ரூபாயும் நாம் 325 ரூபாயும் மாதந்தோறும் கட்டுகிறோம். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுக்கிற சரக்கை எந்த வியாபாரியாவது இனாம் என்று சொல்வாரா?

நம்மை வாட்டிய சட்டமே நமக்குத் துணை

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, நம்மில் பலர் அதைக் கடைக்காரர்களுக்கு எதிரான சட்டமாகவே பார்த்தோம். டாக்டர்களும் தங்களை அதில் சேர்க்கக் கூடாது என்று வாதாடினார்கள். 1994-இல் நமது சென்னை உயர்நீதிமன்றம், நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் இச்சட்டம் சொல்லும் 'சேவை'க்குள் வராது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவையே. ஒரே மருத்துவமனை சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே என்றது. எல்லோருக்கும் எல்லாமே இலவசமான மருத்துவமனை மட்டும் இதில் அடங்காது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்தபின் மறுபடி கேள்வி எழுந்தபோதும், மருத்துவம் இதற்குள் அடங்கும் என்பதை 2022-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, காலாவதித் தேதிக்கும் எடைக்கும் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதுபோல, நமக்குப் பதில் சொல்லவும் ஓர் இடம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆளைப் பார்த்து வைத்தியம்

"சட்டையைப் பார்த்துச் சரக்கு காட்டாதே" என்று கடைப் பையனுக்கு நாம் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்போம். அழுக்கு வேட்டியோடு வந்தவர்தான் கட்டு நோட்டை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். மருத்துவத்திலும் ஆளைப் பார்த்து எடைபோடும் வழக்கம் இருக்கிறது. அங்கே நட்டம் உயிருக்கு.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வலியைச் சொல்லும் மொழி டாக்டருக்குப் புரிவதில்லை. புரியாத வலி சின்ன வலியாகிவிடுகிறது.

பெண்கள் நிலை வேறு விதம். மாரடைப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி என்றாலும், பெண்களிடம் மூச்சுத் திணறல், குமட்டல், முதுகு வலி, தாடை வலி, காரணமில்லாத அசதி ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன. "கேஸ் தொல்லை", "வீட்டு டென்ஷன்" என்று சோடா வாங்கிக் கொடுத்து விட்டுவிடுகிறோம். வீட்டிலேயே அலட்சியம் தொடங்கினால் மருத்துவமனையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்ற ஒரு வரி போதும்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் பட்ட பாடு தனிக்கதை. இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில்தான். அதன்பின் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், எச்.ஐ.வி. காரணமாக மருத்துவத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்துள்ளது. லாரி ஓட்டுநர்களோடு அன்றாடம் பழகுகிற நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன்

செக்கில் கையெழுத்துப் போடும்முன் தொகையைப் பார்க்காத வியாபாரி உண்டா? மருத்துவமனையில் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் படிக்காமல் போடுகிறோம். 1995-இல் டில்லியில் சமீரா கோலி என்பவர் உள்ளே கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டு மயக்க ஊசி போட்டுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாத நிலையில், சுயநினைவு திரும்பக்கூடிய வயது வந்த நோயாளிக்குப் பதிலாகத் தாயின் சம்மதம் செல்லாது; ஒரு பரிசோதனைக்குத் தந்த சம்மதம் வேறு அறுவைக்குச் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவிக்காகக் கணவரே கையெழுத்துப் போட்டுப் பழகிய நம் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய தீர்ப்பு இது. உடம்பு யாருடையதோ, கேள்வியும் சம்மதமும் அவருடையதாக இருக்கட்டும்.

மறவாமல் செய்ய வேண்டியவை

1. போகும் முன்பே, எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, என்ன மருந்து சாப்பிடுகிறோம், எது ஒத்துக்கொள்ளாது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சரக்குப் பட்டியல் எழுதத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலை அல்ல.

2. டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு என்ன நோய்? வேறு என்னவாக இருக்கலாம்? இந்தச் சிகிச்சை வேண்டாமென்றால் வேறு வழி என்ன?

3. மருந்துச் சீட்டு படிக்கும்படி இருக்க வேண்டும். முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. புரியாவிட்டால் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. எழுத்து மூலம் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. விவரமான பில், வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து, மருந்தை விருப்பமான கடையில் வாங்குவது ஆகியவை தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இடம் பெற்றவை. மருந்துக் கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

6. விபத்தென்றால் போலீஸ் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த மாநிலத்தவருக்கும் உண்டு. பெங்களூர் நெடுஞ்சாலையிலும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையிலும் கடை வைத்திருப்போர் கல்லாப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

சண்டை வேண்டாம், கேள்வி போதும்

2021 டிசம்பர் நம் பகுதி வணிகர்களுக்கு மறந்திருக்காது. பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் கதி என்ன என்று தெரியாமல் வதந்தி பரவியது. சக தொழிலாளிகள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி இயங்கத் தொடங்கியது. கேட்ட கேள்விக்கு உள்ளே பதில் கிடைக்காதபோது, கேள்வி சாலைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் மருத்துவமனையில் கூச்சல் போடுவதும் கண்ணாடியை உடைப்பதும் தீர்வல்ல. 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது குற்றம். நோய் குணமாகாவிட்டாலே டாக்டர் கவனக்குறைவு என்றும் ஆகிவிடாது. இரவு பகல் பாராமல் உழைக்கிற டாக்டர்களும் செவிலியர்களும் நிறையப் பேர். முறையாகக் கேளுங்கள்; பதில் இல்லையென்றால் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

முதலாளிகளான நம் பங்கு

பத்துப் பேர் வேலை செய்யும் கடை என்றால் இ.எஸ்.ஐ. பதிவு நம் கடமை. பதிவு செய்தால் மட்டும் போதாது. காப்பீட்டு எண்ணும் அட்டையும் தொழிலாளி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு சரியில்லாத நாளில் மொழி தெரிந்த ஓர் ஆளைக் கூட அனுப்புங்கள். அரை நாள் வியாபாரம் குறையலாம். ஓர் ஆள் பிழைப்பதைவிட அது பெரிதல்ல.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். நோயாளியைத்தான் அவர் முதலில் வைத்தார். முதலில் இருக்க வேண்டியவர் வாய்மூடி உட்கார்ந்திருக்கலாமா? அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது, உங்கள் கடைக்கு வரும் அந்தத் துவரம் பருப்பு வாடிக்கையாளரை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு கேள்வி தானாக வரும்.