குளிரில் உறங்கும் செடி, வரட்சியில் உறங்கும் செடி
இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டுத் தோட்டத்துக்குச் சில யோசனைகள்

இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியேறும் குடும்பங்கள், வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு செய்யும் அடுத்த வேலை, பழைய வாசலில் நின்றதைப் போல நாலு செடியை ஊன்றுவதுதான். லயத்துப் பின்புறத்தில் வளர்ந்த கோவா, லீக்ஸ், வாசலில் பூத்த டேலியா என்று விதையும் கிழங்கும் தேடி எடுத்து வருகிறார்கள். சில செடிகள் பிடித்துக்கொள்கின்றன. வேறு சில முதல் வருடம் நன்றாக வந்து, அடுத்த வருடம் சிறுத்து, பிறகு இல்லாமலே போகின்றன. மண் சரியில்லை, தண்ணீர் காணாது, கைராசி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். பல வேளைகளில் காரணம் வேறு. அந்தச் செடி எதிர்பார்க்கும் குளிர் இந்தக் காணியில் இல்லை.

ஹொஸ்டா என்ற செடி

இதை விளங்கிக்கொள்ள ஒரு வெளிநாட்டுச் செடியைப் பார்ப்போம். யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் பிறந்த ஹொஸ்டா, இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றங்களில் பரவலாக வளர்கிறது. மரநிழலில் அகன்ற இலைகளோடு கும்பலாக நிற்கும். யப்பானில் இதன் இளந்தளிரைக் கீரையாகவும் சமைக்கிறார்கள்.

பனிக்காலம் வந்ததும் ஹொஸ்டாவின் இலைகள் எல்லாம் வாடி விழும். செடி மண்ணுக்குள் உறங்கும். சுமார் 5 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஆறு வாரமளவு இருந்தால்தான் அடுத்த தளிர் பலமாகக் கிளம்பும். வெப்ப நாட்டில் நட்டால், கிழங்கில் சேர்த்து வைத்த பலத்தைக் கொண்டு முதல் வருடம் இலை விடும். உறக்கம் கிடைக்காமல் வருடா வருடம் மெலிந்து கடைசியில் அழியும். வெப்பமான இடங்களில் இதை விடாப்பிடியாக வளர்ப்பவர்கள் கிழங்கைக் கிளப்பிக் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதமளவு வைத்து மீண்டும் நடுகிறார்கள். அது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு. கறிக்கும் கைச்செலவுக்கும் தோட்டம் போடும் நமக்கு அது சரிவராது.

உயரத்தின் கணக்கு

நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆனால் மலை இருக்கிறது. ஏறத்தாழ 100 மீற்றர் உயரம் கூடினால் வெப்பம் 0.6 பாகையளவு குறையும். பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். வெல்லவாய 200 மீற்றரை அண்டியது. அப்புத்தளையில் பஸ் ஏறி பெரகலை, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவில் இறங்கும்போது 7 பாகைக்கு மேல் வெப்பம் கூடியிருக்கும். ஒரே மாகாணத்துக்குள் சில மணி நேரப் பயணத்தில் நாம் வேறொரு காலநிலைக்குப் போய்விடுகிறோம்.

வெள்ளைக்காரத் துரைமார் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்க 1861இல் அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஊவாவின் எல்லையை ஒட்டிய ஹக்கலையின் குளிர்ந்த மலைச்சரிவை. இன்றைய ஹக்கலைத் தாவரவியற் பூங்கா அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புத்தளையில் 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை 1960களின் ஆரம்பம் முதல் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அங்குள்ள பழத்தோட்டமும் அங்கே செய்து விற்கும் ஜாம் வகைகளும் பெயர் பெற்றவை. குளிர்நாட்டுத் தோட்டம் ஒன்று அங்கே நிலைத்ததற்கு அந்த உயரமும் ஒரு காரணம்.

செடியை நடுமுன் அதற்கேற்ற உயரத்தைத் தேடினார்கள். மனிதர்களை இடம் மாற்றும்போது அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தன. தேயிலைக் குளிரில் பழகிய கைகள் வன்னி வெயிலில் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் தலைமுறையாகப் பண்படுத்திய மரக்கறித் துண்டுகளும் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை வீட்டை விட்டுக் கிளப்பின. இவர்களுக்குக் கிடைக்கும் புதிய காணி பழைய காணிக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். எந்த உயரம் என்று தெரிந்துகொள்வது தோட்ட வேலையின் முதற்படி.

கொண்டுபோகக் கூடியவையும் கூடாதவையும்

கோவாவும் கரட்டும் பூத்து விதை கட்டுவதற்கு நீண்ட குளிர் வேண்டும். அதனால்தான் நம் தோட்டங்களில் அவை எளிதில் விதை தருவதில்லை. விதையைக் கடையில் வாங்குகிறோம். ஆனால் நாம் உண்பது கோவாவின் இலையையும் கரட்டின் கிழங்கையும்தான். அவற்றுக்கு அத்தனை குளிர் தேவையில்லை. ஓரளவு வெப்பம் தாங்கும் கோவா இனங்களும் உண்டு. யப்பானில் உருவான கே.கே. குரோஸ் அவற்றில் ஒன்று. தாய்வானில் 1971இல் ஆரம்பித்த மரக்கறி ஆராய்ச்சி நிலையம் வெப்பம் தாங்கும் தக்காளி, சீனக் கோவா இனங்களை உருவாக்கியிருக்கிறது. ஆகவே பதுளையை ஒட்டிய உயரத்துக்கு இறங்குகிறவர்கள் கோவாவைக் கைவிட வேண்டியதில்லை. இனத்தை மாற்றினால் போதும்.

உருளைக்கிழங்குக்கு இரவுக் குளிர் முக்கியம். இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்காத இடத்தில் செடி செழித்தாலும் கிழங்கு சரியாகக் கட்டாது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் அந்தக் குளிரை உயரம் தருகிறது. கடல் மட்டத்தில் உள்ள யாழ்ப்பாணத்தில் விவசாயிகள் மாதத்தைப் பார்த்து நடுகிறார்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரையான குளிர்ந்த இரவுகளில் அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது. உயரம் இல்லாத இடத்தில் பருவம் கைகொடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

லீக்ஸ், ஸ்ட்ரோபெரி போன்றவற்றை வெல்லவாய, மொனராகலைப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பணத்தை வீணாக்க வேண்டாம். சந்தையிலும் மலர்க் கண்காட்சியிலும் அழகைக் காட்டி விற்கும் குளிர்நாட்டுச் செடிகளுக்கும் இதே விதிதான்.

நம் நாட்டின் உறக்கம்

குளிரில் உறங்கும் செடிகள் இருப்பதுபோல, வரட்சியில் உறங்கும் செடிகளும் உண்டு. மஞ்சள், இஞ்சி, கரணை ஆகியவை அந்த வகை. ஈரம் குறையும் காலத்தில் இலை மஞ்சளித்துச் சாயும். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, மழை விழுந்ததும் முளைக்கும். ஹொஸ்டாவுக்குப் பனி செய்யும் வேலையை இவற்றுக்கு வரட்சி செய்கிறது. மரநிழலில் அகன்ற இலை வேண்டும் என்றால் சேம்பு இருக்கிறது. ஈரமான இடத்தில் அது ஹொஸ்டாவின் அழகோடு வளரும், அத்தோடு கறிக்கும் ஆகும். நமைச்சல் போக நன்றாக அவித்துச் சாப்பிட வேண்டும்.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2020இல் இறக்குமதி தடைப்பட்டபோது மஞ்சள் விலை பல மடங்கு ஏறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நாலு பாத்தி வைத்திருந்த வீடு அன்று கடைக்குப் போகவில்லை. முளை தெரியும் கிழங்குத் துண்டுகளை 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒரு விரலளவு ஆழத்தில் நட வேண்டும். எட்டு முதல் பத்து மாதத்தில் இலை காய்ந்ததும் கிளப்பலாம். அடுத்த நடுகைக்கு வேண்டிய விதைக்கிழங்கை ஈரம் படாத நிழலில் வைத்தால் போதும். இதற்கு மின்சாரச் செலவு இல்லை.

ஊவாவின் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தரும் அதே காற்று வீட்டுத் தோட்டத்தைச் சுட்டுவிடும். சித்திரை மழையோடு நட்ட மஞ்சளுக்கு அந்த மாதங்களில் மூடாக்கும் தண்ணீரும் கட்டாயம் தேவை. தேயிலை மலையில் மண்ணை மூட மானாப் புல் வெட்டிப் போட்ட பழக்கம் இங்கே உதவும். வேலியில் கிளிசிரிடியா நட்டால் நிழலும் கிடைக்கும், வெட்டிய தழை மூடாக்காகவும் உரமாகவும் ஆகும்.

2015க்குப் பின் வந்த தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற அளவில் காணி கொடுக்கப்பட்டது. அது சுமார் 1,900 சதுர அடி. வீடும் பாதையும் போக மிஞ்சும் துண்டு சிறியது. வெயில் படும் பக்கத்தில் மரக்கறியும், வீட்டு நிழலில் இஞ்சி, சேம்பும், கழுவும் நீர் ஓடும் ஓரத்தில் வல்லாரை, ரம்பையும் வைத்தால் ஒரு அடியும் வீணாகாது. காணி சரிவாக இருந்தால் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். கிழங்கு கிளப்பிய மண்ணை மழைக்குத் திறந்து விடாதீர்கள்.

நடுமுன் கேட்க வேண்டியவை

1. இந்தச் செடி உறங்குமா? குளிருக்கு உறங்குமா, வரட்சிக்கு உறங்குமா?
2. நம் காணியின் உயரம் என்ன? இரவில் எவ்வளவு குளிர்கிறது?
3. நாம் உண்பது இலையா, கிழங்கா, பழமா? அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும்?
4. உயரம் போதாவிட்டால், ஏற்ற பருவமோ வெப்பம் தாங்கும் இனமோ உண்டா?

விடை தெரியாவிட்டால் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேளுங்கள். அதற்கு முன், பக்கத்து வளவில் பல வருடமாக இருக்கும் குடும்பத்திடம் கேளுங்கள். அவர்கள் எந்த மொழி பேசினாலும் சரி. அந்த மண்ணில் எது எப்போது உறங்கி எப்போது விழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்கப் போகும்போது ஒரு மஞ்சள் கிழங்கும் கொண்டுபோனால், திரும்பி வரும்போது கையில் வேறொரு நாற்று இருக்கும்.